சாமுராய் வாளும் கவசமும்: இந்த அழகு போருக்கா, பார்வைக்கா?

கேள்வி
எழுதியவர்: நிழல்முற்றம்

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் ஹொன்கான் கட்டடத்தில் வாள்களுக்கென்று ஒரு கூடமும், போர்வீரர்களின் கவசங்களுக்கும் உடைகளுக்கும் என்று இன்னொரு கூடமும் இருக்கின்றன. அண்மையில் அவ்விரண்டையும் நின்று நிதானமாகப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தெளிவைவிட ஐயமே மிகுதியாகப் பிறந்ததால் இங்கே எழுதுகிறேன்.

வாள்கள் பலவும் கைப்பிடியும் உறையும் கழற்றப்பட்டு, வெறும் இரும்பாகக் கிடத்தப்பட்டிருந்தன. அலகின் ஓரமாக, முனை தொடங்கி அடி வரை, பனிமூட்டம் போல ஒரு வெண்பட்டை ஓடியது. சில வாள்களில் நேராகவும் சிலவற்றில் அலையலையாகவும் இருந்தது. அது பொறித்த வேலைப்பாடா, திராவகம் வைத்து அரித்து வரைந்ததா, இல்லை எஃகிலேயே உள்ளதா? அலகை அவ்வளவு துலக்கியவர்கள் பிடிக்குள் செருகப்படும் காம்புப் பகுதியை மட்டும் துருவேற விட்டிருப்பது ஏன்?

கவசத்தைப் பற்றிய ஐயம் வேறு வகையானது. சிறு சிறு செதில்களைச் சிவப்பும் நீலமுமான பட்டு நாடாக்களால் வரிசை வரிசையாகக் கோத்திருந்தார்கள். அம்பு வந்து தைக்கும் இடத்தில் பட்டை வைத்துப் பின்னியவர்கள் போரை நினைத்துப் பின்னினார்களா, அரண்மனையை நினைத்துப் பின்னினார்களா என்று கேட்கத் தோன்றியது. தலைக்கவசங்களின் மேல் நிற்கும் கொம்புகளையும் பிறைகளையும் பார்த்தால் அந்தக் கேள்வி இன்னும் வலுக்கிறது.

இவற்றில் போர்க்களத்தின் தேவையால் வந்தது எது, பார்வைக்காகச் சேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதலாம்; பொறுமையாகப் படிப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: உலைத்துருத்தி

வாளைப் பற்றிய பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன். கவசம் பற்றி என்னைவிட நன்கறிந்தவர்கள் இந்த அவையில் உண்டு.

நீங்கள் பார்த்த வெண்பட்டை பொறித்ததும் அன்று, அரித்ததும் அன்று. எஃகின் உள்ளே நேர்ந்த மாற்றம் மேற்பரப்பில் தெரிகிறது, அவ்வளவுதான். அதை ஹமோன் என்பார்கள். அது எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மரபுவழி வாளுக்குரிய எஃகு டமஹகானே எனப்படுவது. ஆற்றுப் படுகைகளிலும் மலைச்சரிவுகளிலும் கிடைத்த இரும்பு மணலை, மரக்கரியோடு மாறி மாறி இட்டு, களிமண்ணால் கட்டிய டட்டாரா என்னும் உலையில் மூன்று பகலும் மூன்று இரவும் எரிப்பார்கள். ஒவ்வொரு முறையும் உலையைப் புதிதாகக் கட்டி, எரிப்பு முடிந்ததும் அதை இடித்துத்தான் உள்ளிருக்கும் கட்டியை வெளியே எடுக்க முடியும். ஷிமானே மாகாணத்தின் ஒகுயிசுமோவில், ஜப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1977-இல் மீண்டும் ஏற்றிய உலை இன்றும் குளிர்காலத்தில் எரிகிறது. ஏறத்தாழ 10 டன் இரும்பு மணலையும் 12 டன் கரியையும் விழுங்கிவிட்டு அது தருவது சுமார் 2.5 டன் எடையுள்ள ஒரே ஒரு கட்டி. அதிலும் ஒரு பகுதிதான் வாளுக்கு ஏற்ற முதல்தர எஃகு. உடைத்த துண்டின் முறிவைப் பார்த்தே எதில் கரிமம் மிகுதி, எதில் குறைவு என்று கொல்லர் பிரித்துக்கொள்வார்.

பிறகு காய்ச்சி அடித்து மடிப்பது. ஆயிரம் முறை மடித்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவது கதை. வழக்கமாக 10 முதல் 15 முறைதான். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பதால் பத்தாவது மடிப்பிலேயே 1,024 அடுக்குகள் வந்துவிடுகின்றன. இதற்குமேல் ஆயிரக் கணக்குக்கு அவசியமே இல்லை. கசடு வெளியேறுவதும் கரிமம் எங்கும் சமமாகப் பரவுவதும் இதன் நோக்கம். ஆனால் மடித்த தடம் அழிவதில்லை. பக்கப் பரப்பை உற்றுப் பார்த்தால் அறுத்த பலகையின் ரேகை போல ஒன்று தெரியும். நேர்ரேகை, சுழிரேகை என்று பட்டறைக்குப் பட்டறை அது மாறுபடும். உள்ளே மென்மையான எஃகை வைத்து, வெளியே கடினமான எஃகால் போர்த்துவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இனி ஹமோன். வடிவம் கொடுத்த வாளின் மேல் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் ஆகியவற்றைக் குழைத்துப் பூசுவார்கள். முதுகில் தடிப்பாக, கூர்வாயில் மிக மெலிதாக. அதோடு முதுகுப் பக்கத்திலிருந்து கூர்வாயை நோக்கிக் குறுகிய களிமண் கோடுகளையும் இடைவெளி விட்டு இழுப்பார்கள். காய்ந்ததும், நெருப்பின் நிறம் சரியாகத் தெரிவதற்காகப் பட்டறையை இருட்டாக்கி, ஏறக்குறைய 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை வாளைக் காய்ச்சி, ஒரே வீச்சில் நீரில் தோய்ப்பார்கள். மெல்லிய பூச்சுள்ள கூர்வாய் நொடியில் குளிர்ந்து மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான அமைப்பாகிறது. தடித்த பூச்சுள்ள முதுகு மெல்லக் குளிர்ந்து, வளைந்து கொடுக்கும் பெர்லைட்டாகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன். அங்கே மார்ட்டென்சைட் துகள்கள் தனித்தனியே மின்னினால் நியே என்றும், கண்ணுக்குப் பிரியாமல் மூடுபனியாகத் தெரிந்தால் நியோய் என்றும் பெயர்.

வாளின் வளைவும் இந்தத் தோய்ப்பில்தான் முழுமை பெறுகிறது. கூர்வாய் முதலில் குளிர்ந்து சுருங்குவதால் வாள் கணநேரம் கீழ்நோக்கி, அதாவது தவறான பக்கம், வளையும். மார்ட்டென்சைட் உருவாகும்போது பருமன் கூடுவதால் மறுகணமே கூர்வாய் நீண்டு, முதுகுப் பக்கமாகத் திரும்பி வளையும். இந்த இழுபறியைத் தாங்காத வாளில் கூர்வாயில் விரிசல் விழும். அதோடு அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. முன்னே சொன்ன குறுக்குக் களிமண் கோடுகளின் கீழ் எஃகு சற்று மென்மையாகவே நின்றுவிடும். போரில் கூர்வாய் சிதைந்தால், அந்தச் சிதைவு நீளமாகப் பரவாமல் அடுத்த மென்கோட்டோடு நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நமக்கு அது கிராம்பு மொட்டுகளின் வரிசையாகத் தெரிகிறது.

காம்பின் துருவுக்கு வருகிறேன். அதைத் துலக்கக் கூடாது என்பது வாள் வைத்திருப்போர் எவரும் மீறாத விதி. துருவின் நிறமும் படிவும் வாளின் வயதைக் காட்டும் முதன்மையான சான்று. கொல்லரின் பெயர் வெட்டப்பட்டிருப்பதும், அரத்தால் ராவிய கோடுகள் எந்தச் சாய்வில் ஓடுகின்றன என்பது தெரிவதும் அங்கேதான். டாச்சி என்னும் பழைய வகையை வாய் கீழ்நோக்கி இருக்க இடுப்பில் தொங்கவிடுவார்கள். கட்டானாவை வாய் மேல்நோக்கி இருக்க இடைக்கச்சையில் செருகுவார்கள். அணியும்போது வெளிப்புறமாக அமையும் பக்கத்தில்தான் பெயர் வெட்டும் வழக்கம் என்பதால், பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கொண்டே எந்த வகைக்காகச் செய்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நீண்ட டாச்சிகளைப் பிற்காலத்தார் அடிப்பக்கம் குறுக்கிக் கட்டானாவாக்கியபோது எத்தனையோ கொல்லர்களின் பெயர்கள் வெட்டுண்டு போயின.


மறுமொழி 2
எழுதியவர்: மஞ்சிட்டி

நான் நெசவும் சாயமும் பயில்பவள்; அந்த வழியாகத்தான் கவசத்துக்கு வந்தேன். பட்டை வைத்துப் பின்னியவர்கள் போரைத்தான் நினைத்தார்கள் என்பது என் துணிபு. எந்தப் போர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் பார்த்த பட்டு நாடாக் கவசம் ஓ-யொரோய் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஹெயான் காலத்தின் பிற்பகுதியிலும் கமாக்கூரா காலத்திலும் (ஏறத்தாழ 10 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை), குதிரைமேல் அமர்ந்து வில்லெய்த வீரர்களுக்காக அது உருவானது. இரு கையும் வில்லுக்கே வேண்டும் என்பதால் கேடயம் பிடிக்கக் கை இல்லை. எனவே கேடயத்தையே இரு நீள்சதுரப் பலகைகளாக்கித் தோள்களில் தொங்கவிட்டார்கள். கை உயரும்போது அவை தாமாகப் பின்னால் சரியும். குனியும்போது முன்னால் வந்து மறைக்கும்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் அருகில் நின்று பாருங்கள் என்பேன். மார்பின் இரு புறத்திலும், தோள்வார்களை மறைத்தபடி, இரண்டு சிறு தகடுகள் தொங்கும். அவை ஒன்றுபோல் இரா. அணிபவரின் வலப்பக்கத்தில் இருப்பது செதில் வரிசைகளைப் பட்டில் கோத்தது, மடங்கக் கூடியது. இடப்பக்கத்தில் இருப்பது குறுகலான ஒற்றைத் தகடு, மடங்காதது. நாணை இழுப்பது வலக்கை, ஆகவே அந்த அக்குளை மறைப்பது கையோடு சேர்ந்து நெகிழ வேண்டும். இடப்பக்கம் பகைவனை நோக்கி நிலையாக நிற்கும், ஆகவே அங்கே உறுதி போதும். மார்பின் குறுக்கே ஓவியம் அச்சிட்ட மான்தோலைப் போர்த்தியிருப்பதற்கும் காரணம் உண்டு. விடுபட்ட நாண் செதில்களின் விளிம்பில் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். அங்கே தோல் தேவைப்பட்டது. தேவைப்பட்ட தோலில் சிங்க உருவங்களையும் மலர்களையும் அச்சிட்டார்கள்.

செதில்கள் இரும்பாலும் பதப்படாத தோலாலும் ஆனவை, உருஷி மரப்பால் பூசி இறுகச் செய்தவை. எடையைக் குறைக்க இரண்டையும் மாற்றி மாற்றிக் கோப்பதும், உயிர்நிலைகளை மறைக்கும் இடத்தில் இரும்பை மிகுதியாக வைப்பதும் வழக்கம். ஒரு செதிலில் பொதுவாக 13 துளைகள் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி நிற்பதால் எந்த இடத்திலும் இரட்டைத் தடிப்பு கிடைக்கும். அம்பைத் தடுப்பது இந்தச் செதில்தான். பட்டு நாடாவின் பணி, வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டு, உடலோடு அசையவிடுவது. ஆணி அறைந்த தகட்டில் குதிரைமேல் திரும்பி எய்வது கடினம். பட்டு வலிமையானது, நெகிழ்வது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாயத்தை உள்ளிழுப்பது. எனவே நாடா தேவையால் வந்தது. நிறம் விருப்பத்தால் வந்தது. ஆனால் அந்த விருப்பமும் வெறும் அலங்காரம் அன்று, யார் வருகிறார் என்று தொலைவிலிருந்தே தெரியச் செய்வது.

சாயத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. டோக்கியோவின் மேற்கே ஓமே நகரிலுள்ள முசாஷி மிட்டாகே ஆலயத்தில், கமாக்கூரா காலத்து வீரர் ஹட்டகேயாமா ஷிகேடாடா காணிக்கையாக அளித்ததாகச் சொல்லப்படும் சிவப்புப் பட்டு ஓ-யொரோய் ஒன்று தேசியச் செல்வமாகக் காக்கப்படுகிறது. அதன் பழைய நாடாக்கள் மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த அகானே வேரில் சாயமேற்றியவை. மெய்ஜி காலத்தில் (1868–1912) பழுதுபார்த்தவர்கள் அறுந்த இடங்களில் செயற்கைச் சாயமேற்றிய புது நாடாக்களைக் கோத்தார்கள். இன்று வெளிறிப் போயிருப்பது அந்தப் புது நாடாதான். பழைய வேர்ச்சாயம் இன்னும் ஆழ்ந்த சிவப்பாகவே நிற்கிறது. என் புனைபெயருக்குக் காரணம் கேட்பவர்களுக்கு இதுவே விடை.

பட்டுக்குக் குறைகளும் உண்டு. மழையில் நனைந்தால் நீரைக் குடித்துக் கனக்கும், குளிரில் உறையும், நீண்ட முற்றுகையில் பேனுக்கும் அழுக்குக்கும் இடம் கொடுக்கும். 25 முதல் 30 கிலோ எடையுள்ள ஓ-யொரோய் தோளிலிருந்தே தொங்குவதால், இறங்கி நடப்பவனுக்குச் சுமை. காலாட்படைகள் பெருகியதும், 1543-இல் டானேகாஷிமா தீவுக்குப் போர்த்துகீசியர் வழியாகத் துப்பாக்கி வந்து சேர்ந்ததும் நிலைமையை மாற்றின. 1575-இல் நாகாஷினோ போர் நடந்த காலத்தில் கவசம் பெரிய இரும்புத் தகடுகளாகவும் இடைவெளி விட்ட சில நாடாக்களாகவும் சுருங்கிவிட்டிருந்தது. குண்டைத் தாங்கும் என்று காட்ட வேண்டும் என்பதால் சில பட்டறைகள் கவசத்தின்மேல் சுட்டுச் சோதித்து, விழுந்த பள்ளத்தை நிரப்பாமல் அப்படியே விட்டு விற்றன. பின்னாளில் ஜப்பானின் ஆட்சியைப் பிடித்த டோகுகாவா இயெயாசு ஐரோப்பிய மார்த்தகட்டையே ஜப்பானிய உறுப்புகளோடு இணைத்து அணிந்தார். அந்தக் கவசம் நிக்கோ டோஷோகு ஆலயத்தில் இருக்கிறது. ஆக, தேவை மாறியபோது பட்டைக் குறைக்கத் தயங்கவில்லை. வெறும் அழகுக்காக வைத்திருந்தால் குறைத்திருக்க மாட்டார்கள்.


மறுமொழி 3
எழுதியவர்: பழஞ்சுவடி

மேலே இருவரும் எழுதியதில் தகவல் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு, இவை அனைத்தும் போர்க்களத்தின் தேவையிலிருந்து தாமாகப் பூத்தவை என்ற எண்ணம் வந்துவிடக் கூடும். அதை நான் மறுக்கிறேன்.

முதலாவது, வாள் சாமுராயின் முதன்மைப் படைக்கலமாக இருந்தது என்பதே ஐயத்துக்குரியது. முற்காலத்தில் வில், பிறகு ஈட்டி, அதன்பிறகு துப்பாக்கி. வாள் பெரும்பாலும் துணைக்கருவி. வாளைச் சாமுராயின் உயிர் என்று போற்றும் பேச்செல்லாம் ஓங்கி ஒலித்தது, பெரும்பாலும் போரின்றிக் கழிந்த எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான அமைதியில்தான்.

இரண்டாவது, நாம் கூடத்தில் பார்ப்பவை வடிகட்டப்பட்டவை. உள்நாட்டுப் போர்கள் மூண்ட நூற்றாண்டுகளில் பிசென் நாட்டு (இன்றைய ஒகாயாமா மாகாணப் பகுதி) ஒசாஃபுனே பட்டறைகள் படைகளுக்காகக் கட்டுக்கட்டாக வாள் அடித்துத் தள்ளின. பிரபுக்கள் தம் காலாட்களுக்குக் கடனாகக் கொடுத்த எளிய கவசங்களும் எண்ணற்றவை. அவற்றில் பெரும்பகுதி தேய்ந்தும் உடைந்தும் உருகியும் போனது. ஆலயங்களுக்குக் காணிக்கையானவையும் பெருங்குடும்பங்களின் களஞ்சியங்களில் இருந்தவையும் எஞ்சின. எஞ்சியதை வைத்துக்கொண்டு போரில் எல்லாமே இப்படித்தான் இருந்தன என்று சொல்வது நேர்மையாகாது.

மூன்றாவது, நிழல்முற்றம் தொலைவிலிருந்து பார்த்த அந்த வெண்மை. ஹமோன் எஃகிலேயே இருப்பது உண்மைதான். ஆனால் அது அவ்வளவு வெள்ளையாகத் தெரிவது மெருகிடுபவரின் கைவேலை. பல தரச் சாணைக்கற்களில் படிப்படியாகத் தேய்த்த பின், விரல்நுனி அளவே உள்ள மெல்லிய கல்சில்லை விரலடியில் வைத்து, ஹமோனைத் தழுவினாற்போல் அந்தப் பகுதியை மட்டும் வெளுக்கச் செய்வார்கள். இந்த முறை பரவியது மெய்ஜி காலத்தில். கமாக்கூரா காலத்து வீரன் தன் வாளை இந்தத் தோற்றத்தில் பார்த்திருக்கவே மாட்டான். வெளுத்த பட்டையின் எல்லையும் உண்மையான ஹமோனின் எல்லையும் பல வாள்களில் சரியாகப் பொருந்தாது. விளக்கின் பிரதிபலிப்பு அலகின்மேல் ஓடும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் உண்மையானது தெரியும்.

எடோ காலத்துக் கொல்லர்களோ ஹமோனை ஓவியமாகவே ஆக்கிவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஒசாகாவில் பணியாற்றிய சுகேஹிரோ, கரையில் புரண்டு விழும் பேரலைகளைப் போல ஹமோனை அமைத்தார். டம்பா யோஷிமிச்சி மரபினர் ஓடும் நீரில் மிதக்கும் செவ்வந்திப் பூக்களைக் கூர்வாயில் வரவழைத்தார்கள். செவ்வந்திப் பூவால் சிதைவு தடைபடும் என்று எவரும் வாதிட முடியாது.

உலோக அணிவேலைகளுக்கு வந்தால் ஐயத்துக்கே இடமில்லை. ட்சுபா என்னும் கைக்காப்புத் தகடும், பிடியின் இரு முனைகளிலுள்ள பூண்களும், பட்டுச் சுற்றுக்குள் புதையும் சிற்றுருவங்களும் பொற்கொல்லரின் தொழில். 15-ஆம் நூற்றாண்டில் அஷிகாகா ஷோகுன்களிடம் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்களிடம்) பணியாற்றிய கோட்டோ யூஜோ தொடங்கிய குடும்பம், மெய்ஜி வரை 17 தலைமுறைகள் இதே தொழிலில் இருந்தது. அவர்களுக்கு உகந்த உலோகம் ஷாகுடோ: செம்பில் மிகச் சிறிதளவு தங்கம் கலந்தது. வார்த்தவுடன் பார்த்தால் செம்பைப் போல்தான் இருக்கும். துருவிய முள்ளங்கிச் சாற்றில் தோய்த்து, செப்பு உப்புகள் கரைந்த நீரில் கொதிக்க வைத்தால், ஊதா ஓடிய கருமை ஏறும். அந்தக் கருமையின் தரையில், குழிந்த நுனியுள்ள சிற்றுளியால் ஒரு தட்டுக்கு ஒரு மணியாக, மீன் சினையை நிகர்த்த புள்ளிகளை வரிசை பிசகாமல் நிரப்புவார்கள். உருப்பெருக்கியில் பார்த்தாலும் ஒரு மணி மற்றொன்றின்மேல் ஏறியிருக்காது. அதன்மேல் தங்கத்தில் ஒரு சிங்கமோ டிராகனோ. பிற்காலத்தில் யொகோயா சோமின் இந்த அரசவைப் பாணியிலிருந்து விலகி, தூரிகை வீச்சை உளியில் கொண்டுவந்தார். அவர் வேலைப்பாட்டை வாங்கியவர்களில் நகரத்து வணிகர்களும் உண்டு. எனக்கு இந்தக் கலை முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஆனால் இதற்கும் போருக்கும் தொடர்பு மிக மெல்லியது.

1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதை அரசு தடைசெய்ததும் இந்தக் கைகள் என்ன செய்தன என்பதையும் பாருங்கள். வாள் அணிகளில் தேர்ந்த கனோ நட்சுவோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே புதிய அரசின் நாணயங்களுக்கு அச்சு வெட்டத் தொடங்கியிருந்தார். மற்றவர்கள் ஏற்றுமதிக்கான குவளைகளுக்கும் பேழைகளுக்கும் திரும்பினார்கள். கவசம் செய்த மியோச்சின் குடும்பத்தார் அதற்கும் முன்பே, போரில்லாத காலத்தில், உடலின் ஒவ்வொரு மூட்டும் அசையும் இரும்பு டிராகன்களைச் செய்து கொண்டிருந்தார்கள். 1713-ஆம் ஆண்டு பொறித்த ஒன்று அதே டோக்கியோ அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது.


மறுமொழி 4
எழுதியவர்: நிழல்முற்றம்

மூவருக்கும் மிக்க நன்றி. கவசத்தின் இரு தகடுகள் வேறுபட்டிருந்ததை நான் பழுதுபார்த்தவரின் கவனக்குறைவு என்றே எண்ணிக் கடந்துவிட்டேன். தலைக்கவசத்தின் கொம்புகளைப் பற்றி மட்டும் இன்னும் எவரும் எழுதவில்லை. அவ்வளவு உயரமான ஒன்றைத் தலையில் தாங்கிக்கொண்டு போரிட முடியுமா?


மறுமொழி 5
எழுதியவர்: மஞ்சிட்டி

முடியும், ஏனென்றால் அவற்றில் பல கனமே இல்லாதவை. உள்ளே எளிய இரும்புக் கிண்ணம். அதன்மேல் எழும் உருவம் மரத்தாலும் தோலாலும் அடுக்கிய காகிதத்தாலும் செய்து உருஷி பூசியது. ஹொண்டா டாடகாட்சுவின் புகழ்பெற்ற மான்கொம்புகள் மெய்யான கொம்புகள் அல்ல, காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி உருஷியால் இறுக்கியவை. குரோடா நாகமாசாவின் தலைக்கவசத்தில் செங்குத்துப் பாறைபோல் எழும் பெரிய பலகை, மெல்லிய ஹினோக்கி மரத்தின்மேல் வெள்ளித்தாள் ஒட்டியது. ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். செண்டாய் நகர அருங்காட்சியகத்திலுள்ள டாட்டே மசமுனேயின் கருங்கவசத்தில் பிறையின் ஒரு கொம்பு நீண்டும் மற்றது குட்டையாகவும் இருக்கும். வாள் வீசும் கைக்கு இடையூறு வரக் கூடாது என்பதே அதற்குத் தரப்படும் விளக்கம்.

நண்பர் பழஞ்சுவடியிடமிருந்து நான் வேறுபடுவது இந்த இடத்தில்தான். பார்வைக்கு என்றால் போருக்கு அன்று என்று அவர் கொள்கிறார். போர் முடிந்ததும் தான் செய்ததை எழுதிக் கொடுத்து, கண்டவர் பெயரையும் சாட்சியாகக் குறித்துப் பரிசில் கேட்டது அந்தச் சமூகம். அங்கே எவரும் பார்க்காத வீரம் பயனற்ற வீரம். ஆயிரக்கணக்கானோர் மோதும் களத்தில் தன்னைத் தனியாகக் காட்டுவது நிலமும் ஊதியமும் சார்ந்த தேவை. தளபதிக்கு அது இன்னும் இன்றியமையாதது. அவருடைய தலைக்கவசம் தெரியும் வரைதான் படை கலையாமல் நிற்கும். ஈ (Ii) என்னும் பிரபுக் குடும்பத்தார் தம் படை முழுவதற்கும் சிவப்புக் கவசம் அணிவித்தார்கள். ஹிகோனே கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தச் சிவப்பு வரிசையைப் பார்த்தவர்கள், எதிரில் நின்றவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது.

பல்லை இளிக்கும் இரும்பு முகக்கவசங்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மீசையும் சுருக்கமும் அச்சுறுத்துவதற்கு. அதே முகத்தின் தாடைக்கு அடியில் ஒரு சிறு துளையோ குழலோ இருக்கும். வியர்வை வடிந்து போவதற்கு. கன்னத்திலுள்ள கொக்கிகள் தலைக்கவசத்தின் கயிறு நழுவாமல் பிடிப்பதற்கு. கைவினைஞர் இவற்றை வெவ்வேறு வேலையாகக் கருதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.


மறுமொழி 6
எழுதியவர்: உலைத்துருத்தி

மெருகு பற்றியும் எஞ்சியவை பற்றியும் பழஞ்சுவடி சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் ஓவிய ஹமோன் அமைதிக் காலத்தின் பிள்ளை என்பதை ஏற்பதற்கில்லை. 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் உவேசுகி கென்ஷின் குடும்பத்தில் இருந்த யமாடோரிகே என்னும் டாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் நூற்றாண்டில், கமாக்கூரா காலத்தின் நடுப்பகுதியில், பிசென் நாட்டு ஃபுகுவோகா இச்சிமோஞ்சி பட்டறையார் அடித்தது. அதன் ஹமோன் ஒரு விரற்கடை தூரம்கூட ஒரே சீராக ஓடுவதில்லை. பொங்கி எழுந்து, உடைந்து, மீண்டும் எழும். சிதைவைத் தடுக்க அவ்வளவு கொந்தளிப்பு வேண்டியதே இல்லை. நேரான ஹமோனே போதுமானது. அதே காலத்தில் யமாடோ, யமாஷிரோ கொல்லர்கள் அடக்கமான நேர் ஹமோனில்தான் பெயர் பெற்றார்கள். வாள் மெய்யாகவே போருக்குப் போன காலத்திலேயே, போருக்குத் தேவையானதைவிட அதிகமாகச் செய்ய ஒரு பட்டறை முடிவு செய்திருக்கிறது, அதை விரும்பிக் கேட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆகையால் ஆண்டுக் கணக்கை வைத்துக் கோடு கிழிக்க முடியாது என்பது என் கருத்து. உறுப்புக்கு உறுப்பு வேண்டுமானால் கிழிக்கலாம்: ட்சுபாவின் தங்கச் சிங்கத்தை எடுத்துவிட்டாலும் வாள் வெட்டும், ஹமோனை எடுத்துவிட்டால் வெட்டாது.

அந்த யமாடோரிகேயை 2020-இல் செட்டோவுச்சி நகராட்சி, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 50 கோடி யென் விலைக்கு வாங்கியது. ஒசாஃபுனே இன்று அந்த நகராட்சிக்குள் இருக்கிறது. அங்கேயே வாள்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும், கொல்லர்கள் காய்ச்சி அடிப்பதைப் பார்வையாளருக்குக் காட்டும் பட்டறையும் உண்டு.

இன்றும் புது வாள்கள் அடிக்கப்படுகின்றன. உரிமம் பெற்ற கொல்லரிடம் குறைந்தது 5 ஆண்டுகள் பயின்ற பின்னரே ஒருவர் தாமாக அடிக்க முடியும்; நெடுவாள் என்றால் ஒருவர் மாதத்துக்கு இரண்டுக்குமேல் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு உண்டு. அது உரிமையாளரோடு அன்றி வாளோடு செல்லும். 1945-க்குப் பிறகு ஆக்கிரமிப்புப் படைகள் வாள்களை ஆயுதமாகக் கருதிப் பறிமுதல் செய்தபோது, இவை கலைப்பொருள்கள் என்று வாதிட்டுத்தான் எஞ்சியவற்றைக் காப்பாற்றினார்கள். நான் முன்னே சொன்ன சங்கம் 1948-இல் அந்தச் சூழலில் பிறந்தது. போருக்கா பார்வைக்கா என்ற உங்கள் கேள்விக்கு அன்று சட்டப்படியே விடை சொல்ல வேண்டியிருந்தது என்பது வேடிக்கையான செய்தி.

மறுமுறை டோக்கியோ சென்றால், 2018 முதல் சுமிதா வட்டத்தில் இயங்கும் அந்தச் சங்கத்தின் வாள் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். கண்ணாடியின் முன் நேராக நில்லாதீர்கள். முழங்காலைச் சற்று மடித்து, விளக்கின் ஒளிப்புள்ளி அலகின்மேல் விழும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, முனையிலிருந்து அடி வரை மெல்ல நகருங்கள். பழஞ்சுவடி சொன்ன வெளுப்பு அப்போது கருமையாகிப் பின்வாங்கும். அதற்குள்ளிருந்து நியே துகள்கள் ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கும். நியே தேடுகிறீர்கள் என்றால் சோஷூ (கமாக்கூரா வட்டார) மரபு வாள்களிலிருந்து தொடங்குங்கள். பிசென் வாள்களில் பெரும்பாலும் நியோய்தான் கிடைக்கும்.